யார் வீட்டுக்கு யார் விருந்தாளி

இந்த ஒரு வருடத்தில் எங்கள் வீட்டின் பின்னறைப் படுக்கை விரிப்புகள் துவைத்து மடித்து அலமாரியில் கிடந்த நாட்கள் குறைவு. சிங்கப்பூரிலிருந்து மகள் குடும்பம், கிள்ளானிலிருந்து சின்னம்மா மக்கள், ஜொகூரிலிருந்து என்னோடு தோட்டப் பள்ளியில் படித்தவர்கள், நடுவில் தமிழ்நாட்டுத் துறையூர்ப் பக்கமிருந்து தாத்தா வழிச் சொந்தம். அவர்கள் வராத வாரங்களில் நாங்கள் போனோம்: கல்யாணம், கிரகப்பிரவேசம், கருமாதி, சில சமயம் காரணமே இல்லாமல் முகத்தைப் பார்த்துவிட்டு வர. சந்தோஷமான வருடம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஈப்போ ரயில் நிலையத்தின் வெள்ளைக் கும்மட்டத்துக்குக் கீழே நின்று, மின்ரயில் ஏறப் போகிறவர்கள் கையில் புந்தோங் கச்சாங் பூத்தே பொட்டலத்தையும் தம்புன் பம்ளிமாஸையும் திணித்துவிட்டுத் திரும்பும்போது ஏதோ பாக்கி நிற்பதாக மனம் சொல்லிற்று. சாப்பாட்டில் குறையில்லை. வந்தவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் நான் ஒருவரையும் என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டதாகத் தோன்றவில்லை. எல்லோருமே விருந்தாளிகளாக இருக்கிற ஓர் இடத்தில் கதவைத் திறந்துவிடும் முறை அன்றைக்கு எனக்கு வந்தது, அவ்வளவுதான் என்று பட்டது. இதை வீட்டில் சொன்னால் அலுப்பு என்பார்கள். அலுப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். இது போகவில்லை.

தாமான் குடியிருப்பில் இருக்கிற எங்கள் வரிசை வீடு எங்கள் சொந்த வீடு. வங்கிக் கடன் அடைத்து, மனைப் பத்திரம் கைக்கு வந்து வருடங்கள் ஆகின்றன. அம்மா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த லயத்து வீடு அவருடையது அல்ல. கம்பெனி வீடு. வேலை இருக்கிறவரை வீடு. வேலை நின்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இரண்டு அறை, முன்னால் ஒரு திண்ணை போன்ற வராந்தா, பின்னால் புகை படிந்த குசினி. நாங்கள் நிறையப் பேர், இடம் கொஞ்சம். ஆனாலும் என் நினைவில் முழுமையாக விருந்தோம்பிய வீடு அதுதான். விடியலுக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, தலையில் விளக்கு, பால் வெட்டு, மங்கு மங்காகச் சேர்த்த பாலைக் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடை, நிறுவை, பின்னேரம் ஒட்டுப்பால் பொறுக்கல். இவ்வளவுக்கும் பிறகு புளித்த பால் வாடை இன்னும் கையில் இருக்கும்போதே வாசலில் யாராவது நிற்பார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆள், தாத்தாவோடு கப்பலில் வந்தவரின் மகன், பெண் பார்க்க வந்து வழி கேட்டவர்கள். "பசியாறிட்டீங்களா, உள்ள வாங்க" என்பார் அம்மா. பாய் விரியும். அந்தப் பாயில் உட்கார்ந்தவருக்கு இது யாருடைய கூரை என்ற எண்ணமே வந்திருக்காது. அம்மாவுக்கும் வந்ததில்லை. இந்த வருடம் ஒரு நாள் கேட்டேன்: நம்முடையது இல்லாத வீட்டில் எப்படி அம்மா அவ்வளவு தாராளமாக இருந்தீர்கள்? அம்மா கேள்வியைப் புரிந்துகொள்ளாதவர் போலப் பார்த்தார். "வந்தவங்கள நிக்க வச்சுப் பேசுவாங்களா?" என்றார்.

அந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் பழங்காலம் பொற்காலம் என்று எழுதியவளாகிவிடுவேன். அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தாராளத்தின் பாரத்தைச் சுமந்தது அம்மாவின் முதுகு. ஆண்கள் வராந்தாவில் பேசிக்கொண்டிருக்க, விடியலுக்கு முன் எழுந்த பெண் இரவில் இன்னொரு முறை உலை வைத்தாள். கணக்கில் இல்லாத அரிசி அவள் சாப்பாட்டிலிருந்துதான் போயிற்று. தோட்டத்து வாழ்க்கையை ஏக்கத்தோடு எழுதுகிற ஆண்கள் நிறையப் பேர் அந்தச் சோறு எங்கிருந்து வந்தது என்று எழுதுவதில்லை. இன்னொன்றும் உண்டு. அம்மா பிறந்தது 1948-இல். அந்த வருடம் ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. தோட்டத்து லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்வேலி போட்டார்கள். ஊரடங்கு, அடையாள அட்டை, வாயிலில் சோதனை. அரிசிக்குப் பங்கீடு வந்தது. காட்டோரத்து மரங்களுக்கு வெட்டப் போகிறவர்கள் மதியச் சோற்றைக் கட்டிக்கொண்டு போகக்கூடக் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட காலங்கள் இருந்தன, ஏனென்றால் அந்தச் சோறு காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுக்குப் போய்ச் சேரலாம். இரவில் கதவைத் தட்டுகிறவன் யாரென்று பார்த்துச் சோறு போடுவது உயிர் விஷயமானது. போட்டால் சிறை, நாடு கடத்தல். போடாவிட்டால் காட்டிலிருந்து வருகிறவர்களின் கோபம். பாட்டி இதைச் சொல்லும்போது அரசியல் எதுவும் சொன்னதில்லை. அரிசிப் பானையைத் திறந்து எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அடுத்தவர் எட்டிப் பார்த்த கதையை மட்டும் சொல்வார். வீட்டில் உள்ளவர் எண்ணிக்கையைவிட ஒரு பிடி கூடுதலாக வெந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த காலம். இன்றைக்கு அம்மா எங்கள் வீட்டுக் குசினியில் யார் வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு பேருக்குச் சேர்த்துப் போடுகிறார். மிஞ்சுகிறதே என்று நாங்கள் சலித்துக்கொள்வதுண்டு. அந்த இரண்டு பேர்ச் சோறு எந்த வருடத்திலிருந்து வருகிறது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

துறையூர்ச் சொந்தக்காரர்கள் வந்தது எல்லாவற்றையும் கிளறிவிட்டது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்றான பிறகு, திருச்சியில் ஏறினால் நேரே கோலாலம்பூர். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். 1938-இல் இந்திய அரசு மலாயாத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்துவதற்குச் சற்று முன்னால். அவர் திரும்பிப் போகவே இல்லை; வரும்போது விட்டுவிட்டு வந்த தம்பியின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது வந்தவர்கள். அவர்களை எங்கே அழைத்துப்போவது? ஈப்போவில் காட்ட இடம் நிறைய இருக்கிறது. சுண்ணாம்புக் குன்றுகள், குகைக் கோயில்கள், பழைய நகரத்துச் சுவர் ஓவியங்கள், வெள்ளைக் கோப்பி. கோலகங்சாருக்குப் போய் 1877-இல் நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சி நிற்கிற ரப்பர் மரத்தைக் காட்டினோம். பிரேசிலில் இருந்து லண்டனுக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த வித்தின் மரம். வந்தவர்களில் பெரியவர் அதன் அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தார். தாத்தாவின் பிழைப்பு இந்த மரத்தால்தானே என்றார். பிறகு பத்து காஜா போகும் வழியில் கெல்லி கோட்டை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரத் துரை 1915-இல் கட்டத் தொடங்கிய மாளிகை. மதராஸிலிருந்து வரவழைத்த ஆட்கள், இந்தியாவிலிருந்து வந்த செங்கல், ஆறு மாடிக் கோபுரம், அதற்குள் மின்தூக்கிக்கென்று விட்ட இடம். விருந்து வைப்பதற்கென்றே திட்டமிட்ட மொட்டை மாடி. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனார். வீடு முடியவில்லை. ஒரு விருந்தும் நடக்காத அந்த விருந்து மாடிக்கு இப்போது சீட்டு வாங்கிக்கொண்டு நாள் முழுக்க ஆட்கள் ஏறுகிறார்கள். கோட்டை வேலை நடந்துகொண்டிருந்தபோது காய்ச்சல் வந்து தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதால் துரை அருகிலேயே ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்தார் என்பது வழிவழியாக வருகிற கதை. கோயில் கூரையில் சாமி உருவங்களோடு தொப்பி போட்ட ஒரு வெள்ளை உருவமும் நிற்கிறது. அதை எல்லோரும் படம் எடுத்தார்கள்.

படம் எடுத்து முடித்த பின் பெரியவர் கேட்டார்: "தாத்தா இருந்த வீடு எங்கம்மா?" மின்தூக்கி வைக்க நினைத்த மாளிகையைக் காட்ட முடிந்த எங்களால், ஒரு முழு ஆயுளை வாழ்ந்து தீர்த்தவரின் இரண்டறை லயத்தைக் காட்ட முடியவில்லை. தோட்டம் கைமாறி, ரப்பர் வெட்டி வீழ்த்தப்பட்டு, செம்பனை ஏறி, பழைய லயங்களில் பெரும்பகுதி இடிந்துவிட்டது. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கையில் கொடுத்த பணத்தைக் கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் முதலில் ஒரு புறம்போக்கு வீட்டில் இருந்தோம், பிறகு மலிவு விலை வீட்டுக்கு மனுப்போட்டோம். எங்கள் லயத்தில் இருந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசை. தைப்பிங், கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் எல்லைக்கு அந்தப் பக்கம் தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் கேட்கிற தூரத்தில் இருந்தவர்களைப் பார்க்க இப்போது வாரக் கடைசியில் விடுப்புச் சொல்லி, தொலைபேசியில் முன்னால் கேட்டு, டிக்கட் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. விருந்தாளிகள் பெருகியது பிரிந்த பிறகுதான். பயணம் நிறைந்த வருடம் என்று நான் சந்தோஷமாகச் சொன்னதன் அடியில் இது கிடக்கிறது. இப்படியாகும் என்று தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பியபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுகிறவர்கள் தவணை தவணையாகப் பணம் கட்டி, தாங்கள் நிற்கிற மண்ணைத் தாங்களே வாங்குவது என்பது யோசனை. சில தோட்டங்கள் அப்படி வாங்கப்பட்டன. எங்கள் தோட்டம் அவற்றில் இல்லை. அரசியல் மேடைகளில் அவர் பெயரைக் கேட்கும்போது இந்த ஒரு காரியத்துக்காக அவரை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். மண் சொந்தமில்லாதவன் வாசல் எந்த நேரமும் இன்னொருவன் கையில் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆனால் இங்கேதான் என் சிந்தனை முட்டிக்கொண்டு நிற்கிறது. மண்தான் வேண்டும் என்றால், மண் இருக்கிற எனக்கு ஏன் இந்த உறுத்தல்? மண் இல்லாத அம்மாவுக்கு ஏன் அது இல்லை? நேரமின்மை என்று சொல்லிப் பார்த்தேன். தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே மணி அடித்தது, ஒரே நேரத்தில் களைத்தார்கள், ஒரே நாளில் சம்பளம் வாங்கினார்கள். ஒருவர் வாசலில் ஒருவர் உட்கார இயல்பாகவே நேரம் ஒத்துவந்தது. இப்போது என் மகளின் விடுமுறையும் மகனின் விடுமுறையும் ஒன்றாக வருவதில்லை. அது உண்மைதான், ஆனாலும் போதவில்லை. 2020 மார்ச் 18 முதல் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நேரம் எல்லோரிடமும் இருந்தது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முறுக்குத் தட்டு மூடியபடியே இருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போக இருந்த தடை, தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்களுக்குக் கடைசியாக நீங்கியது 2021 அக்டோபர் 11 அன்றுதான். அந்த நாட்களில் அம்மா மாலை ஆனதும் கம்பிக் கதவுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் உணவு கொண்டுவரும் பையன் போனால்கூட "தண்ணி வேணுமாப்பா" என்று கேட்பார். முகக்கவசத்துக்கு மேலே அவன் கண்கள் சிரிக்கும், வேண்டாம் என்று கை அசைத்துவிட்டுப் போவான். எனக்கு வந்தவர்களை மட்டும் உபசரிக்கத் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்குப் போகிறவர்களையும்.

அந்தப் பெரியவரின் கேள்விக்காகத்தான் தோட்டத்துக்குப் போனோம். வாயிலில் தடுப்புக் கம்பம், பாதுகாவலர், பெயரும் வண்டி எண்ணும் எழுத ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்தில், அம்மா பிறந்த இடத்துக்குள் நுழைய என்ன காரணம் என்று எழுத வேண்டியிருந்தது. கோயில் என்று எழுதினேன், பொய்யும் இல்லை. முனியாண்டி கோயில் இன்னும் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு முறை ஆடியில் பழைய தோட்டத்துக்காரர்கள் கூடிப் பூசை போடுகிறோம். செம்பனை வரிசைக்குள் வெளிச்சம் வேறு மாதிரி. ரப்பர்க் காட்டில் வெளிச்சம் இலைகளின் ஊடே சிதறி விழும், வெயிலுக்குக் காய்கள் வெடிக்கிற சத்தம் கேட்கும். செம்பனையில் ஓலைகள் கனத்துத் தொங்க, கீழே ஈரமும் பழக்குலை வாடையும். அம்மா திசை தெரியாமல் நின்றார். ஸ்டோர் எந்தப் பக்கம், பிள்ளைகளை விடும் ஆயாக்கொட்டகை எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. கடைசியில் ஒரு கிணற்று மேடையை வைத்து அடையாளம் கண்டார். இடியாமல் நின்ற ஒரு லயத்தில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். வராந்தாக் கொடியில் கைலிகள் காய்ந்தன. பழைய லயத்தின் எங்கள் பக்கம் அது இல்லை என்றாலும் அமைப்பு அதேதான். அம்மா வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு பையன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். "மாசோக், மாக்சிக்" என்று கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டான்.

அம்மா போனார். நாங்கள் பின்னால். அவன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான், பெரியவருக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீர் வந்தது. கிளாஸ் போதாமல் இருவருக்கு ஒன்றாக. அம்மாவின் மலாயும் அவன் மலாயும் ஒன்றுக்கொன்று தட்டித் தடவித்தான் பேசின. கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளை இருக்கிறதா. இருக்கிறது, கைப்பேசியில் காட்டினான். இங்கே கூட்டிவரக் கூடாதா என்றார் அம்மா. அவனுடைய வேலை அனுமதிச் சீட்டில் குடும்பத்துக்கு இடமில்லை. இந்த நாட்டுச் சட்டம் அப்படி. எங்கள் தாத்தாக்களைக் குடும்பத்தோடு வைத்துக்கொள்ளத் தோட்டத்துக்கு ஒரு கட்டத்தில் தேவை இருந்தது, பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்துதான் களை பிடுங்கினார்கள், பால் வெட்டினார்கள். அவனைத் தனி ஆளாகவே வைத்திருக்கத்தான் இன்றைக்குத் தேவை. வாங்கி வந்த கடன், முதலாளியை மாற்ற முடியாத சீட்டு, முடிந்ததும் ஊர். அந்த வீட்டில் அவனுக்கு அம்மாவுக்கிருந்த உரிமையில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் அந்த அரை மணி நேரம் அந்த வீட்டுக்காரன் அவன்தான். நாங்கள் பழைய உரிமை சொல்ல வந்தவர்களாக இல்லை. களைத்து வந்த விருந்தாளிகளாக அவன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அம்மா ஏதோ வீட்டுக்கு வந்துவிட்டவர் போலத் தெளிந்த முகத்தோடு இருந்தார். நான் அப்படி இருந்தேன் என்று சொல்ல முடியாது. அவன் அன்றைய சம்பளத்தில் எவ்வளவு தேத்தண்ணீராகிப் போயிற்று என்று என் மனம் கணக்குப் போட்டது. கிளம்பும்போது பணம் கொடுக்கக் கை பையைத் தேடியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்குக் கொடு என்று சொல்லி, தான் வைத்திருந்த மிட்டாய்ப் பையை அவனிடம் கொடுத்தார். அதை அவன் வாங்கிக்கொண்டான். அனுப்பத்தான் முடியாது.

ஊருக்குப் போன துறையூர்க்காரர்கள் இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள் என்று தகவல் வருகிறது. அந்தப் பையனை அவர்கள் நம்ம ஊர்ப் பையன் என்றே சொல்கிறார்களாம். எனக்கு அந்தச் சுலபம் பிடிபடவில்லை. தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குக் காவடிகள் போகிற சாலையில் நாங்கள் தண்ணீர்ப்பந்தல் போடுவோம். தமிழன், சீனன், சீக்கியன் என்று பார்க்காமல் மோர் ஊற்றுவோம். தெருவில் அது எனக்கு இயல்பாக வருகிறது, தெரு யாருக்கும் சொந்தமில்லை என்பதாலோ என்னவோ. வீட்டுக்குள் வருவதில்லை. தோட்டத்து லயம் ஒரு வகையில் பாதி தெருவாகவே இருந்தது: நீண்ட ஒரே வராந்தா, பொதுக் குழாய், பொதுக் கோயில். தாமானில் எங்கள் வீட்டுக் கம்பிக் கதவுக்குப் பூட்டு இரண்டு. திருட்டு நடக்கிற இடம், பூட்டத்தான் வேண்டும். அதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் வருகிறவர் முன்னதாகச் சொல்லாவிட்டால் எனக்குள் ஒரு சின்னப் பதற்றம் வருகிறதே, அது பூட்டிலிருந்து வந்ததா, அரிசிப் பானையை எட்டிப் பார்த்த காலத்திலிருந்து பாட்டி வழியாக எனக்கு வந்ததா என்று தெரியவில்லை. பயமும் தாராளமும் ஒரே வீட்டிலிருந்துதான் வந்திருக்கின்றன. அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டார், நான் மற்றதை என்று சொன்னால் அது எனக்கே நியாயமாகப் படவில்லை. அம்மாவும் இரவில் கதவு தட்டினால் முதலில் விளக்கை அணைப்பவர்தான்.

ஆடிப் பூசைக்கான கூட்டம் சென்ற வாரம் நடந்தது. கிள்ளான்காரர்கள் கைப்பேசித் திரையில் வந்தார்கள். இந்த முறை அன்னதானத்துக்கு லயத்தில் இருக்கிற வங்காளதேசப் பையன்களையும் கூப்பிட வேண்டும் என்றார் அம்மா. அவர்களுக்கு நம் கோயில் சாப்பாடு ஆகுமா என்று ஒருவர் கேட்டார். சாதமும் சாம்பாரும் யாருக்கும் ஆகும் என்றார் அம்மா. அவர்கள் நம் ஆட்கள் இல்லையே, தோட்ட நிர்வாகம் நாளைக்கு ஒரு காரணம் சொல்லிக் கோயிலுக்கே அனுமதி மறுத்தால் என்ன செய்வது என்று இன்னொருவர். அவர் பயம் வெறும் பயம் அல்ல. தோட்டக் கோயில்கள் பல அப்படி இடம் இழந்திருக்கின்றன. கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது. இந்த வருடம் சமையல் பொறுப்பு எங்கள் குடும்பத்துக்கு. பெரிய கிடாரத்தை வாடகைக்குச் சொல்லிவிட்டேன், வழக்கத்தைவிட ஒரு மூட்டை அரிசி கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன். நிர்வாகத்துக்கு எழுதும் அனுமதிக் கடிதத்தில், லயத்துத் தொழிலாளர்களும் சாப்பிடுவார்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கேட்காமலே செய்துவிடலாம் என்று மகன் சொன்னான். எழுதித்தான் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. மறுத்தால் என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டேன். "கேட்டுக்கு வெளிய பாய் விரிப்போம்" என்றார், புளி கரைத்துக்கொண்டே. கடிதம் திங்கட்கிழமை போகிறது.